சாய்ந்த மேஜை, உருண்ட எலுமிச்சம்பழம்

அன்பு மாமா,

வந்துவிட்டது! நீங்கள் சொல்லிவைத்துவிட்டுப் போன, கம்ப்யூட்டர் கணக்கில் உலோகம் வெட்டும் ஐந்து அச்சு சிஎன்சி மெஷின் நம் ரேணிகுண்டா பட்டறைக்குள் இறங்கிவிட்டது. இன்று முதல் பீஸையும் வெட்டிவிட்டோம்.

நீங்கள் போனதிலிருந்து, பட்டறையை விற்றுவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போய்விடு என்று எல்லோரும் அக்காவை அரித்தெடுத்தார்கள். வாங்கவும் ஆள் தயார். கடைசியில் அக்கா சொன்னாள்: "பம்பு கம்பெனிக்காரரு ஒரு சாம்பிள் பீஸ் கேக்கறாரு. அது பாசாச்சுன்னா பட்டறை, இல்லன்னா பெங்களூரு."

என்ன பீஸ் தெரியுமா? பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம், அதே இம்பெல்லர்தான்! அம்பத்தூரில் கார் கம்பெனி வேலையை விட்டு ஊர் திரும்பி நீங்கள் வாங்கிய மூன்று அச்சு மெஷினில் முயன்று தோற்றோமே, அதுதான். அதில் டூல் இடவலம், முன்பின், மேல்கீழ் மட்டும்தானே போகும்? முறுக்கிய இறக்கையின் அடிப்பக்கம் எட்டாது. கழற்றித் திருப்பி மாட்டும்போதெல்லாம் மயிரிழை விலகும். நான்காவது அச்சு சேர்ந்தால் பீஸ் சுழலும், ஷாஃப்டைச் சுற்றிப் பள்ளமாகக் காடி வெட்டலாம், ஆனால் சாயாது. புதியதில் மேஜையே சுழல்கிறது, சாயவும் செய்கிறது மாமா! ஒரே பிடியில் டூல் எல்லா இறக்கைக்கும் அடியில் போய்வருகிறது.

அந்தச் சாய்வை மறந்துதான் ஒரு கூத்து நடந்தது. பழைய மெஷின் மேஜையில் வெள்ளிதோறும் எலுமிச்சம்பழம் வைப்பேனே, வெட்டு தொடங்கும் புள்ளியைக் காட்டி "மொதல்ல ஜீரோவப் பாருடா, அப்பறம் சாமியப் பாக்கலாம்" என்று கிண்டல் செய்வீர்களே. அதே பழக்கத்தில் இதிலும் வைத்தேன். ஓட்டியதும் மேஜை சாய்ந்தது, பழம் உருண்டு கீழே விழுந்தது. அபசகுனம் என்று எல்லோர் முகமும் செத்துப்போயிற்று.

அக்கா மட்டும் எதிர்ச்சுவரில் மாலை போட்டிருந்த உங்கள் படத்தைப் பார்த்தாள். "இன்னாத்துக்குடா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்கறீங்க? மெஷினு உங்க மாமாவுக்குத் தல குனிஞ்சு கும்புடுது. ஓட்டு!"

ஓட்டினேன். பம்பு கம்பெனிக்காரர் பக்கத்திலேயே நின்று அளந்தார். பாஸ்! விலைபேச வந்தவருக்கு அக்கா உடனே போன் போட்டுப் பாதித் தெலுங்கில் சொன்னாள்: "அம்மேதி லேதண்டி. விக்கல, உட்டுடுங்க." போனை வைத்துவிட்டு அழுதாள். நானும்தான். மெஷின் ஓடும் சத்தம் உங்களுக்குக் கேட்டதா?

பழைய மெஷினை ஒதுக்கமாட்டேன். தட்டையான மூடிக்கும் பிளேட்டுக்கும் அது போதும். எலுமிச்சம்பழமும் இனி அதன்மேல்தான். புதியதில் முதலில் ஜீரோவைத்தான் பார்ப்பேன். காணிப்பாக்கத்துப் பிள்ளையார்மேல் சத்தியம்.

உங்கள் மச்சான்,
குமார்