பந்தல்குடியில் நின்ற மூச்சு

எம்.ரெட்டியபட்டி
16-3-1977

அன்பு மகன் வீரபத்திரனுக்கு அப்பா நல்லமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆடு மாடுகளும் சுகம், போன வாரம் நான் செத்துப் பிழைத்ததைத் தவிர வேறு குறை இல்லை. பம்பாயில் நீ சுகமாய் இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். பதறாமல் முழுக்கப் படி.

செவ்வாய்க்கிழமை அருப்புக்கோட்டையில் பருத்திப் பொதியை இறக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடித்து, வெறும் வண்டியில் திரும்பினேன். என் முதுகைத்தான் உனக்குத் தெரியுமே, உலக்கையை முழுங்கியவன் மாதிரி, கழுத்தைத் திருப்ப வேண்டுமானால் ஆளே திரும்ப வேண்டும். இப்போது உட்கார்ந்த இடத்தில் தூக்கமும் வருகிறது. வண்டியில் மல்லாந்தேன், அவ்வளவுதான். மாடுகள் இந்தத் தை மாதம் பந்தல்குடி சங்கையாவிடம் வாங்கியவை. நம் ஊர்ப் பாதையை விட்டுவிட்டு, தூத்துக்குடி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நடந்து, தங்கள் பழைய வீடான சங்கையா தொழுவத்தில் போய் நின்றிருக்கின்றன. மாடு பிடிக்கவில்லை என்று நான் திருப்பிக் கொண்டுவந்துவிட்டதாக நினைத்து, சங்கையா சண்டைக்கு ஆள் கூட்டிவிட்டார். எட்டிப் பார்த்தால் தெருவே கேட்க நான் குறட்டை விடுகிறேன். அந்தக் குறட்டை சட்டென்று நின்றதாம், மூச்சும் இல்லையாம். அவர் மனைவி ஜக்கம்மாள் ஒப்பாரியே வைத்துவிட்டார். இரண்டு அடி பாடுவதற்குள் நான் கர்ரென்று மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து, யாரு செத்தது என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள், சங்கையா சிரிக்கவில்லை. ஏலே, இது சும்மா குறட்டை இல்ல, நாளைக்கே டாக்டர்ட்ட போறோம் என்று சொல்லி, மறுநாள் என்னையும் உன் அம்மாவையும் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டர் என் முதுகைத் தட்டி, கழுத்தைப் பிடித்துப் பார்த்து, இது முதுகெலும்பைப் பிடிக்கிற வாதம், எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன என்றார். கழுத்தும் விலாவும் இப்படி இறுகியவர்களுக்குத் தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரலாமாம், ராத்திரி முழுக்கத் தூங்கியும் பகலில் அசதி அதனால்தானாம். ஒருக்களித்துப் படுக்க வேண்டும், உடம்பு எடையைக் குறைக்க வேண்டும், தூக்க மாத்திரை தொடக் கூடாது. உன் அம்மா என் சோற்றைப் பாதியாக்கிவிட்டாள். பனியன் முதுகில் பருத்திக்கொட்டை முடிச்சு ஒன்றும் தைத்திருக்கிறாள், மல்லாந்தால் குத்துகிறது.

மூச்சு நிற்பது எத்தனை நாளாய் என்று டாக்டர் அவளைக் கேட்டார். ஆறேழு வருசமா இருக்கும், நின்னா உலுக்கிவிடுவேன், வந்திரும், சொன்னா அவுக கோவிச்சுக்கிருவாக என்றாள். எனக்குத் தெரியவே தெரியாது. பகலில் அவள் அடுப்படியில் கண்ணசந்தால் சோம்பேறி என்று ஏசியவன் நான். பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டேன், எழுத வெட்கமில்லை.

இப்போது உன் விஷயம். காலையில் இடுப்பு மரக்கட்டையாய் இருக்கிறது, வேலை பார்க்கப் பார்க்கத் தளர்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். குறட்டை பொறுக்காமல் அறைக்காரர்கள் உன் கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளியதையும் வேடிக்கையாய் எழுதியிருந்தாய். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். உன் வயதில் எனக்கு ஆரம்பித்ததும் இப்படித்தான், இந்த வாதம் பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்கிறார். நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், அது தானாக வீடு போய்ச் சேராது. டாக்டரிடம் காட்டும் வரை அதில் ஏறாதே, கீழே ஏதாவது வேலை கேள், கூலி குறைந்தால் குறையட்டும்.

முதலில் கட்டிலை உள்ளே போடச் சொல். அவர்கள் வைதால் வையட்டும். எனக்கு மூச்சு நின்றால் உலுக்க உன் அம்மா இருக்கிறாள், அந்த வராந்தாவில் உனக்கு யாரப்பா இருக்கிறார்கள்?

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். டாக்டர் சொன்னதை ஒளிக்காமல் எழுது.

உன் அப்பா,
பெ. நல்லமுத்து