புளி போட்டுத் தேய்ச்ச தகடு

வெள்ளிக்கிழமை, ஐப்பசி மாசம்.

பேத்தி பவித்ரா டாக்டர் பட்டத்துக்காகச் செஞ்ச செம்புத் தகட்டை வூட்டுக்குக் கொண்டாந்தா. புகையில வர்ற கெட்ட காத்தை அது எரிபொருளா மாத்துமாம். நாளைக்குப் பெரிய காலேஜில அதைச் சோதிக்கணும். கறுத்துக் கிடந்துச்சி. அவ குளிக்கப் போனப்ப, குத்துவிளக்கோட சேத்து நம்ம மரத்துப் புளி போட்டுத் தேய்ச்சி, அது வந்த டப்பாவிலயே திரும்ப வச்சிட்டேன். பளபளன்னு ஆயிடுச்சி.

சாப்பிடறப்ப சொல்றா, "அந்தக் கறுப்புலதான் ஆயா எல்லாம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத முள்ளு முள்ளா வளத்திருக்கேன். ஒரு வருசப் பாடு."

சொம்புத் தண்ணியை எடுத்து மடக்கு மடக்குன்னு குடிச்சேன்.

"இன்னா ஆயா, காரமா?"

"ஆமாண்டி."

பேத்தி டாக்டர் ஆவப்போறான்னு ஊரெல்லாம் சொன்ன வாய், இதை மட்டும் சொல்லல. அவ தூங்கறா, டப்பா தலைமாட்டுல. காலையில முதல் பஸ்சு. அங்க போய்த் திறந்தா?

கூப்பிட்டுட்டேன். கண்ணைக் கசக்கினு எழுந்துக்கறா.