கப்பல் தண்ணீர்

அண்ணே,

இன்று காலை அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்தே என் வீட்டுக்கு வந்தார்கள். தாகம் என்றார்கள். கைக்கு அகப்பட்டது கழுத்து நசுங்கிய அந்தச் செம்பு. உன் நினைப்பு வந்து அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெரியாததா? இலத்தூர் வயலின் வாய்க்கால் தகராறில், ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்ட அண்ணன் தம்பி. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே கூடும்; நம் வீட்டார் மட்டும் ஆளுக்கொரு அருவிக்குப் போவோம். ஒரு வருஷம் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தாய். சித்தப்பா பாதிச் சோற்றில் எழுந்து வண்டியைக் கட்டச் சொன்னார்.

அப்போதுதான், கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்திருந்த நீ சொன்னாய்: "எல்லாருமா கொழும்புக்குக் கப்பல்ல போவோம். கோவம் வந்தா கடல்லயா எறங்கிப் போவாங்க?" அடேயப்பா, என்ன யோசனை!

தூத்துக்குடியில் ஏறியதும் மேல்தட்டில் இந்த மூலையில் நம் பாய், அந்த மூலையில் அவர்கள் பாய். கரை மறைந்தபின் கப்பல் ஆடிய ஆட்டத்தில் செம்பு உருண்டு இரும்புத் தூணில் மோதியது. எல்லோருக்கும் வாந்தி. அப்பா சுருண்டு கிடந்தார். நீ செம்பில் தண்ணீர் பிடித்துச் சித்தப்பா கையில் திணித்தாய்.

"குடுங்க சித்தப்பா. கப்பல் தண்ணி யாரு வீட்டுத் தண்ணியும் இல்ல."

அவர் அண்ணன் தலையைத் தாங்கிக் கொடுத்தார். அப்பா குடித்தார். இறங்கும்வரை பாய்களைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். அப்படியொரு சிரிப்பை நம் வீட்டில் நான் கேட்டதே இல்லை.

திரும்பி வந்து தென்காசி ஸ்டேஷனில் இறங்கினோம். ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு பாதை.

அடுத்த சாரலுக்கு நீ காய்ச்சலோடு வந்தாய். வைத்தியர் கைவிரித்த அன்று, "சித்தப்பா கையால ஒரு வாய் தண்ணி வேணும்" என்றாய். அவர் ஓடித்தான் வந்தார், தன் வீட்டுத் தண்ணீரோடு. அப்பா வாசலை மறித்தார்.

"அந்த வீட்டுத் தண்ணி உள்ள வரப்படாது."

"அப்போ உங்க வீட்டுத் தண்ணிய நானும் தொட மாட்டேன்."

எனக்கு உன் கப்பல் பேச்சு ஞாபகம் வந்தது. நசுங்கின செம்பை எடுத்துக்கொண்டு சிற்றாற்றுக்கு ஓடினேன். ஆற்றுத் தண்ணீருக்கு எந்த வீடு? திரும்பி வந்தபோது வாசலில் பேச்சு நின்றிருந்தது. சித்தப்பா அந்தத் தண்ணீரைத்தான் உன் வாயில் விட்டார். அது கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. பாவிகள்! நீ நாக்கு வறண்டு கிடக்க, வாசலில் நின்று வழக்குப் பேசினார்கள்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றே இருவரும் ராசியாகிவிட்டார்கள். இப்போது வந்ததும் அந்த ராசியில்தான்.

"எல்லாருமா இன்னொரு தடவ கப்பல்ல போயிட்டு வருவோம், ஏட்டி. அவன் ஆசப்பட்டதுல்லா" என்றார் அப்பா.

"நான் வரல."

"ஏன், யாரு மேல கோவம்?"

செம்பை நீட்டினேன். இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள். நசுங்கலைக் கவனிக்கவில்லை.

உன் கருமாதி நாளிலிருந்து அந்த இரண்டு வீட்டிலும் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை, அண்ணே. அதையும் அவர்கள் கவனிக்கவில்லை.