பதினாலு மரம்

ஜூன் 9
குளிர்காலம் பிறந்துவிட்டது. மூன்று நாளாகப் பனி. மகன் பெலார்மினோ கூரை ஏறித் தள்ளினான். நான் மாத்தே இலைத் தேநீர் குடித்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 13
பின் சன்னலில் துணி கட்டிவிட்டேன். திறந்தால் அந்தப் பெவென் மரம்தான் தெரிகிறது. மார்ச்சில் கொட்டை தட்ட அதில் ஏறித்தான் என் புருஷன் நொலாஸ்கோ விழுந்தார். தானாக உதிரும்வரை பொறுங்கள் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். "மரம் என்ன உன்னை மாதிரியா, குடுக்க யோசிக்க?" என்று சிரித்தார். நாற்பத்து நாலு வருடம் கூட வாழ்ந்த மனிதர் கடைசியாகச் சொன்னது அது. எனக்கு அழுகை இன்னும் வரவில்லை. வருமா?

ஜூன் 20
பனியின் பாரத்தில் விறகுக் கொட்டகை உட்கார்ந்துவிட்டது. விறகெல்லாம் ஈரம். வீடு முழுக்கப் புகை. சாலை மூடிக் கிடக்கிறது.

ஜூன் 24
எங்கள் சனத்துக்கு வருடம் பிறக்கும் நாள். விடியுமுன் ஓடையில் முகம் கழுவ வேண்டும். நினைவு தெரிந்து ஒருமுறையும் தவறவில்லை. இன்று போகவில்லை.

ஜூலை 3
பேத்தி லிராயென் இரண்டு நாளாக இருமுகிறாள். விறகு தீர்ந்தது. நாற்காலியை உடைத்தோம்.

"அம்மா, பின்னாடி நிக்கிறதை வெட்டிடவா? அப்பாவைக் கொன்ன மரந்தானே. பிசின் இருக்கு, பச்சையா இருந்தாலும் பத்தும்."

"வெட்டு" என்றேன்.

மரத்திடம் கேட்காமல் பெவெனில் ஒரு கிளைகூட ஒடிக்காதவள் நான். உப்பை எடு என்பதுபோலச் சொல்லிவிட்டேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

ஜூலை 4
காலையில் கோடாரிச் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது கேட்கவில்லை. துணியை விலக்கிப் பார்த்தேன். பெலார்மினோவின் கோடாரிக் காம்பைப் பிடித்துத் தடுத்துக்கொண்டு எதெல்மிரா நிற்கிறாள்.

முப்பத்தோரு வருடமாக அவளோடு பேச்சில்லை. அவள் புருஷன்தான் மர மில்காரர்களை எங்கள் காட்டுக்குள் விட்டான். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே பதினாலு பெவென் விழுந்தது. எது எந்தக் கிழமை விழுந்தது என்றுகூடச் சொல்வேன். மரந்தின்னி என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். ஊரே அப்படிக் கூப்பிட்டது. அவள் புருஷன் சாவுக்கும் நான் போகவில்லை.

கேட்காமல் உள்ளே வந்தாள். தோளில் மூட்டை.

"வெட்டச் சொன்னியாமே."

"ஆமா."

"அப்போ இன்னையிலேருந்து உன்னை என்னன்னு கூப்பிடணும், செனோபியா?"

நான் திரும்பிச் சாம்பலைக் கிளறினேன்.

மூட்டையை அடுப்பருகே கவிழ்த்தாள். கல்லாட்டம் செம்பழுப்பு மர முடிச்சுகள், கிளை முளைத்த இடத்துக் கணுக்கள்.

"அந்தப் பதினாலோடதுதான். மில்காரன் விட்டுப்போன தண்டெல்லாம் மக்கிப்போச்சு, முடிச்சு மக்கலை. வேணாம்னா பனியில வீசு. பிள்ளை இருமுறது என் வீடு வரைக்கும் கேக்குது."

அவள் வீட்டுக்கு எப்படிக் கேட்கும்? பொய்க்காரி.

வீசவில்லை.

ஜூலை 5
ஒரு முடிச்சு விடியும்வரை எரிகிறது. புகையில்லை. பிள்ளை தூங்கினாள். நான் அடுப்பையே பார்த்திருந்தேன் — இது ஓடைப்பக்கத்து மரமா, மேட்டு மரமா? அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஜூலை 19
இன்னொரு மூட்டை வாசலில் கிடந்தது. ஆளைக் காணோம்.

செப்டம்பர் 11
பனி உருகுகிறது. பெவெனின் அடியில் மூன்று வெட்டுக்காயம். பிசின் வந்து மூடியிருக்கிறது. கை வைத்தேன். நொலாஸ்கோ மேல் கோபம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து, "சொன்னேனே, சொன்னேனே" என்று அழுதுவிட்டேன். வீட்டுக்குள் வந்து சன்னல் துணியை அவிழ்த்துவிட்டேன்.

ஏப்ரல் 2
இந்த வருடம் யாரையும் மரத்தில் ஏற விடவில்லை. உதிர்ந்ததைத்தான் பொறுக்கினோம், அதிலும் கிளிகளுக்குப் பாதி விட்டு. பதினாலு கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு மில்காரர்கள் வெட்டிய அந்தப் பதினாலு அடிக்கட்டைகளிடம் போனேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்றை மண்ணில் அழுத்தினேன். ஒன்பதாவதில் எதெல்மிரா வந்து நின்றாள்.

"கூர்முனை கீழே இருக்கணும்."

எனக்குத் தெரியாதா?

அவளை மன்னிக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். குனிய முதுகு விடவில்லை என்று சொல்லி, மீதி ஐந்தை அவள் கையில் கொடுத்தேன்.