கதவோரத்து இடம்

அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான்.

உனக்கும் எனக்கும் மலக்குடலில் ஒரே புற்றுநோய். என் வயிற்றை நீளக் கீறினார்கள்; உனக்கு நாலு துளை மட்டும் போட்டார்கள். வீட்டில் உன் தங்கச்சி தினமும் தன் அண்ணனைச் சொல்லிக் காட்டுகிறாள்: "நானாட வயித்தில தழும்பே தெரியாது."

அதைக் கேட்டுக்கொண்டே நான் கக்கூசுக்கு ஓடுகிறேன். குடலை வெட்டியதிலிருந்து பகலில் மட்டும் ஒன்பது தரம். கை, முகம், கால் கழுவி உளூ செய்து தொழுகைப் பாயை விரிப்பதற்குள் காற்றுப் பிரிந்து உளூ முறிந்துவிடுகிறது. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொன்னார். என் வெட்கத்துக்கு இல்லை.

கடையில் ஆளில்லை, அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வரவில்லை என்று ஆறு மாதமாக நான் சொன்னது பொய். முன் வரிசையில் நீ நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

போன வெள்ளி துணிந்து வந்தேன். கடைசி வரிசையில், கக்கூசுப் பக்கத்துக் கதவோரம் நிற்கலாம் என்று போனால், அங்கே நீ. செருப்பைக்கூட எட்டும் தூரத்தில் வைத்திருந்தாய். குத்பாப் பிரசங்கம் முடிவதற்குள் இரண்டு தரம் எழுந்து ஓடினாய். நான் ஒரு தரம்தான்.

உன் தங்கச்சியிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தையும் நீயே பிடித்துவிட்டாய் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்த வெள்ளி கொஞ்சம் தள்ளி நில். கதவுப் பக்கம் எனக்கு.

உன் தங்கச்சியின் மாப்பிள்ளை