ரோசலீனை எனக்குத் தெரியாது

அன்பு மகள் நீடியாவுக்கு அம்மா எழுதுவது. அல்தாகிராசியா மாதா புண்ணியத்தில் நீ மாட்ரிட்டில் நோய்நொடி இல்லாமல் இருப்பாய். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. கூரைத் தகரத்தை மாற்றிவிட்டேன், நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை இந்த வெயிலில் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியில் வைத்திருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

போன செவ்வாய்க்கிழமை வாழைக்காய் வாங்கச் சந்தைக்குப் போனேன். அடையாள அட்டை ஞாயிறு பூசைக்குக் கொண்டுபோன பையிலேயே தங்கிவிட்டது. உன் ஞானத்தாய் ரோசலீன் வழக்கமான மூலையில் கடலை விற்றுக்கொண்டிருந்தாள். "கொமாத்ரே, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்று பிடித்து உட்காரவைத்தாள். ஞானஸ்நானத்தன்று அவள் உன்னைக் கையில் ஏந்தி நின்றதிலிருந்து இருபத்தேழு வருஷமாக நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெற்றவளுக்கும் ஞானத்தாய்க்கும் உள்ள முறைப்படி அவளுக்கு நான் கொமாத்ரே, எனக்கு அவள் கொமாத்ரே. காப்பி பாதியில் இருக்கும்போது லாரி வந்தது, ஹைத்திக்காரர்களைப் பிடித்து எல்லைக்கு அந்தப்பக்கம் தள்ளுகிற அதே லாரி. சீருடைக்காரர்கள் பார்த்தது நிறத்தைத்தான். அவளும் கறுப்பு, நானும் கறுப்பு, இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார்கள்.

நான் போட்ட கூச்சலில் கோழிக்கடை தூலியோ ஓடிவந்து, "சார், இது செத்துப்போன ராமோனோட சம்சாரம், நம்ம ஊரு பொம்பள" என்றான். என்னை இறக்கினார்கள். இறங்கியதும் ஒருவன் ரோசலீனைக் காட்டி, "அவ உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். தூலியோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், கொமாத்ரே என்ற அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் அவளுக்கும் அவன் சாட்சி சொல்லியிருப்பான். மகளே, நான் அவளைத் தெரியாது என்றேன். திரும்ப ஏற்றிவிடுவார்களோ என்ற பயம். அவள் காதில் அது விழுந்தது. லாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தோன்யா எல்பிதியா, உங்க கூடை கீழ கெடக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். யாரோ வாடிக்கைக்காரியை மரியாதைக்குக் கூப்பிடுவதுபோல தோன்யா என்றாள். என் பொய் வெளியே தெரிந்து நான் மாட்டிக்கொள்ளக் கூடாதாம். லாரி போய்விட்டது. ஹைத்தியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களின் மகள்தான், ஆனால் இங்கே கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள், அந்தப்பக்கம் அவளுக்கு ஒரு நாதி கிடையாது. இன்றுவரை தகவல் இல்லை.

இங்கேயே பிறந்தும் பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகளுக்காக நீ தோட்டம் தோட்டமாக அலைந்தபோது உன்னை எவ்வளவு ஏசினேன். நம் கதவில் துரோகி என்று பெயிண்டில் எழுதி, உன்னைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டியபோதுகூட, இதெல்லாம் உனக்குத் தேவையா என்றுதான் கேட்டேன். ரோசலீன் இங்கே பிறந்தவள் என்று சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி, ஊரைவிட்டுப் போகும்போது ஒரு தாள் கொடுத்தாயே, அப்புறம் பார்க்கலாம் என்று அலமாரியில் வைத்தேன். மூன்று வருஷம் அங்கேயே கிடந்தது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நேற்று அதில் கையெழுத்துப் போட்டு உங்கள் சங்கத்து வக்கீலிடம் கொடுத்தேன். சந்தையில் நான் சொன்னதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். அவளைக் கூட்டிவர முடியுமா என்றதற்கு, "வருஷக்கணக்காகும், உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். இன்று காலை கதவில் மறுபடியும் அதே எழுத்து, இந்த முறை எனக்கு. நான் அதை அழிக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, அதற்காக நீ கிளம்பி வந்துவிடாதே. மாட்ரிட்டிலிருந்தும் நீ விடாமல் செய்கிற இந்தச் சங்க வேலையை விட்டுவிடு என்று இனி எழுதமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு. ஜெபத்தில் உன் ஞானத்தாய் பெயரை விட்டுவிடாதே.

உன் அம்மா,
ரோசலீனின் கொமாத்ரே,
எல்பிதியா