கரட்டூர் விலக்கில் மாலை வெயில்

1983 டிசம்பர் 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். திண்டுக்கல்லுக்கு வந்த பிறகு இன்றுதான் வரைபடத்தைச் சுவரில் முழுதாக மாட்டினேன். இத்தனை வருடம் காலராவுக்கு வைத்த சிவப்புப் புள்ளிகளை இப்போது சாலையில் அடிபட்டுச் செத்தவர்களுக்கு வைக்கிறேன். "விபத்து போலீஸ் பார்க்க வேண்டியது. பொது சுகாதாரத்துக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் இயக்குநர் என்னை அனுப்பினார். மார்ச்சுக்குள் எதையாவது காட்டாவிட்டால் மறுபடி காலராப் பிரிவு.

காலராவில் புள்ளிகள் ஒரு கிணற்றைச் சுற்றிக் கூடும். இங்கே செம்பட்டி சாலையில், கரட்டூருக்குக் கிளைச்சாலை பிரிகிற விலக்கில், அப்படியே கூடி நிற்கின்றன. அநேகமாக எல்லாமே மார்கழி, தை. எல்லாம் சாயங்காலம். சாலைக்கு ஏது கிருமி?

டிசம்பர் 14

கரட்டூர் வயலில் பேச்சாயியைப் பார்த்தேன். வெளியூரிலிருந்து பஸ்ஸில் களையெடுக்க வருகிறவர். போன மார்கழியில், வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்குச் சாலையைக் கடந்தபோது, இவர் தங்கை மாயம்மாளை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது. பேச்சாயி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"நல்ல வெயிலும்மா. செவப்புச் சேலை கட்டியிருந்தா. அம்புட்டுப் பெரிய ரோட்டுல அவ அவன் கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

அழவில்லை. அதுதான் தாங்கவில்லை எனக்கு.

டிசம்பர் 19

அந்த லாரியை ஓட்டியவர் பெருமாள்சாமி. ஜாமீனில் இருக்கிறார். லாரி நிற்கும் ஷெட்டில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். முதலில் பேசவே மறுத்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார். "குடிச்சிருந்தேன்னு ஊரே சொல்லுது. நான் அதத் தொட்டதே இல்லம்மா. ரோட்டுல ஆளே இல்ல. சத்தம் கேட்டுத்தான் எறங்குனேன்."

நான் நம்பவில்லை. வெளிச்சம் இருக்கிறது, நேரான சாலை, சிவப்புச் சேலை — ஆள் இல்லையாம்.

டிசம்பர் 20

இரண்டு பேருமே உண்மையைச் சொல்லியிருந்தால்?

1984 ஜனவரி 11



இத்தனை நாளும் விலக்கில் புளியமரத்தடியில் உட்கார்ந்து, வருகிற லாரிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்குள்ளிருந்து பார்க்கத் தோன்றவே இல்லை. இன்று ஜீப்பின் முன் சீட்டில் ஏறி, விபத்துகள் நடக்கும் அதே நேரத்துக்குத் திண்டுக்கல் பக்கமிருந்து ஓட்டச் சொன்னேன். டிரைவர் மலைச்சாமி ஏதோ கதை சொல்லிக்கொண்டே வந்தார். விலக்குக்கு முன்னால் சாலை ஒரு வளைவு வளைந்து நேரானது. அவ்வளவுதான். மலைக்கு மேலே தணிந்து நின்ற சூரியன் ஜீப்பின் முன்கண்ணாடி முழுக்க இறங்கிவிட்டது. சாலை இல்லை. மரம் இல்லை. ஒரே வெளிச்சம்.

"எம்மா, எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று மலைச்சாமி பிரேக்கை மிதித்தார்.

இறங்கி, கையால் வெயிலை மறைத்துப் பார்த்தேன். ஜீப்புக்கு எதிரே, கூப்பிடு தூரம்கூட இல்லை — புல்லுக்கட்டோடு பெண்கள் கூட்டமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: இம்புட்டு வெளிச்சம் ஒரு ஆளை மறைச்சிருமா? மறைக்குதே! வருஷத்துல இந்த ரெண்டு மூணு மாசம், இந்தத் துண்டு ரோட்டுல மட்டும், கொஞ்ச நேரம், சூரியன் சரியா ரோட்டு நுனியில வந்து உக்காருது. களை வெட்டுனவங்க வீட்டுக்குக் கெளம்புறதும் அந்த நேரந்தான். கிருமி இல்ல, குடி இல்ல. யாருமே பொய் சொல்லல.

ஜனவரி 17

பேச்சாயியிடம் சொன்னேன். நம்பவில்லை. தானும் பார்க்க வேண்டும் என்றார். முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனோம். வளைவு திரும்பியதும் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். மலைச்சாமி ஜீப்பை ஓரங்கட்டினார்.

முந்தானையை எடுக்காமலே, "அப்ப அவன் எந்தங்கச்சியப் பாக்கவே இல்லையா?" என்று கேட்டார். பிறகு, "அவன் வாசல்ல போயி மண்ண வாரித் தூத்திட்டு வந்தேனேம்மா."

பிப்ரவரி 3

இயக்குநரை விலக்குக்கே வரவழைத்து ஜீப்பில் உட்கார வைத்தேன். இறங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். நிறுத்தத்தைத் தெற்கே நகர்த்திவிட்டால் போதும் என்றேன். அங்கே சாலை திரும்பிவிடுகிறது, சூரியன் பக்கவாட்டில் போய்விடும். நெடுஞ்சாலைத் துறைக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். காலராப் பேச்சை எடுக்கவில்லை.

ஜூலை 3

பெருமாள்சாமிக்கு விடுதலை. பேச்சாயி தானாகவே கோர்ட்டுக்கு வந்து, ஜீப்பில் தான் பார்த்ததைச் சொன்னாராம். ஆனாலும் இனி லாரி ஏறமாட்டேன் என்கிறார் பெருமாள்சாமி.

செப்டம்பர் 22

நிறுத்தத்தை மாற்றிவிட்டார்கள். நடை கூடிவிட்டதென்று கரட்டூரே திட்டுகிறது. பழைய நிறுத்தத்தில் கடை வைத்திருக்கும் டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

1985 பிப்ரவரி 20

மார்கழியும் தையும் போய்விட்டன. கரட்டூர் விலக்கில் இந்த வருடம் யாரும் சாகவில்லை.

சாயங்காலம் புது நிறுத்தத்தில் போய் நின்றேன். வயல் வரப்பு வழியாகப் பெண்கள் வந்தார்கள். கால் வலிக்க நடக்க வைத்துவிட்ட புண்ணியவதி யாரோ, அவள் நல்லா இருப்பாளா என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். பேச்சாயி மட்டும் என்னைப் பார்த்தார்.

நிறுத்தம் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் இவர்களில் ஒருத்தி இந்நேரம் இருந்திருக்கமாட்டாள். அது யார் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். திட்டியவளா? வாயைப் பொத்திச் சிரித்தவளா?

பஸ் வந்தது. கூட்டம். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற பெண், யாரென்று தெரியாது, "செத்த வச்சுக்கங்கக்கா" என்று தன் தூக்குச்சட்டியை நீட்டினாள். செம்பட்டி வரும்வரை மடியில் வைத்திருந்தேன்.